சனசமூக நிலையத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

வாசிகசாலையும் முன்பள்ளியும் வழமைபோல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் கூட்டங்களில் அதிகம் பேசியது கரண்ட் விஷயம்தான். ஆகவே அதை விரிவாகச் சொல்கிறேன்.

கூரையில் சோலர் போட்ட பலரிடமிருந்து ஒரே முறைப்பாடு வந்தது: நல்ல வெயில் எறிக்கிற மத்தியானத்தில் இன்வேட்டர், அதாவது சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி, தானாக நின்றுவிடுகிறது. இன்வேட்டரில் பழுது இல்லை. ஒழுங்கையின் கடைசி வீட்டில் அளந்து பார்த்தபோது 250 வோல்ற்றைத் தாண்டியிருந்தது. 230இலிருந்து 6 வீதம்தான் கூடக் குறைய இருக்கலாம். பாவனை குறைந்த நேரத்தில் எல்லாக் கூரைகளும் ஒன்றாகக் கரண்டை ட்ரான்ஸ்போமர் பக்கம் தள்ள, மெல்லிய வயரின் கடைசி முனையில் வோல்ற் ஏறுகிறது. இன்வேட்டர் பாதுகாப்புக்காக நின்றுகொள்கிறது.

பெரிய லைன்களிலும் நெரிசல் உண்டு. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு வருகிற 132 கிலோவோல்ற் லைனுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சுமை மிஞ்சினால் கம்பி சூடேறித் தொய்யும். ஒரு லைன் பழுதாகி நின்றால் அதன் சுமை மற்றதில் ஏறும் என்பதால், எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும். நெரிசல் வந்தால் ஒரு பக்கம் உற்பத்தியைக் குறைத்து மறுபக்கம் கூட்டுவார்கள். மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலை இருக்கிறது. எவ்வளவு காற்று வீசினாலும் லைனில் இடமில்லாவிட்டால் அது வீண்தான். எனக்கு இது பெரிய மனவருத்தம்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தும்படி மின்சார சபை கேட்டது வேறு காரணத்துக்காக. அப்போது நாடு முழுவதும் பாவனை விழுந்து, உற்பத்தி மிஞ்சியது. அதையும் லைன் நெரிசலையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? மத்தியானத்தில் பாவனை கூடினால் வோல்ற் இறங்கும் என்பதால் தோட்டக்காரருடன் பேசினோம். உச்சி வெயிலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட ஒருவரும் சம்மதிக்கவில்லை, அது நியாயமே. ஆனால் தொட்டி உள்ளவர்கள் மத்தியானம் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, பின்னேரம் வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். மில்லிலும் மா அரைப்பதை மத்தியானத்துக்கு மாற்றினார்கள். இன்வேட்டர் நிற்பது குறைந்திருக்கிறது. மில் பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் நிற்கிறது.

ட்ரான்ஸ்போமரில் வோல்ற்றை ஒரு படி இறக்கலாம் என்றார் ஓர் அங்கத்தவர். அப்படிச் செய்தால் இரவில் கடைசி வீடுகளுக்கு வெளிச்சம் மங்கும். ஆகவே தடித்த வயர் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். அது மேசையில் இருக்கிறது. சோலர் இல்லாத வீட்டுக்காரரும் கையெழுத்திடுங்கள்; வோல்ற் ஏறினால் உங்கள் பிரிட்ஜும்தான் பழுதாகும்.

செயலாளர்