சுவரில் அடித்த மருந்து எத்தனை நாள் நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால மலேரியா பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், வீட்டுச் சுவர்களில் ஒருமுறை கொசு மருந்து அடித்தால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாராவியில் குடியிருந்துகொண்டு பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் எனக்குச் சுவர்களோடுதான் பிழைப்பு என்பதால், இதைத் திருத்தி எழுதுவது நல்லது என்று தோன்றியது.

ஆறு மாதம் என்பது டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்குச் சொல்லப்படும் கணக்கு. சதுர மீட்டருக்கு 2 கிராம் வீதம் அடிக்கும் மாலத்தியான் என்ற மருந்து ஏறத்தாழ ஒன்றரை மாதமே நிற்பதால்தான், அரசுத் திட்டத்தில் அதை ஒரு பருவத்துக்கு 3 சுற்று அடிக்கிறார்கள். 20 மில்லிகிராம் வீதம் அடிக்கும் டெல்டாமெத்ரின் என்ற மருந்துக்கு 2 சுற்று. இதுவும் சுவரைப் பொறுத்தது: மண்சுவர் மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், சுண்ணாம்பின் காரம் இவ்விரண்டையும் சிதைக்கும். சுவரில் சிறு கூம்பைப் பொருத்திக் கொசுக்களை 30 நிமிடம் உள்ளே விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணும்போது 80 விழுக்காட்டுக்குக் குறைவாகச் செத்திருந்தால், அந்த மருந்தின் காலம் முடிந்தது என்று கொள்வார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ஆட்கள் தங்கும் பிளைவுட் ஷெட்டுகளில் ஒரு வருடம் ஜூனில் மருந்து அடிக்க வைத்தேன். காய்ந்ததும் சுவரெங்கும் மாவு பூசியதுபோல் வெள்ளைத் திட்டுகள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, கணபதி பண்டிகைக்கு முன் மீந்துபோன டிஸ்டெம்பரை நானே அதன்மேல் அடித்துவிட்டேன். இரத்தம் குடித்த கொசு சுவரில் உட்காரும்போது அதன் காலில் ஒட்ட வேண்டிய மருந்து அத்தனையும் பெயின்டுக்கு அடியில் போயிற்று. அடுத்த மாதமே விழுப்புரத்துப் பையன்கள் இருவருக்குக் குளிர்காய்ச்சல். இரத்தச் சோதனையில் மலேரியாவில் ஒரு வகையான வைவாக்ஸ் என்று வந்தது. பெயின்ட்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாவிட்டாலும், என் மனம் சமாதானம் ஆகவில்லை.

தெருவில் அடிக்கும் புகையையும் இதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். புகை அப்போது பறக்கும் கொசுவைக் கொல்லுமே தவிர, சுவரில் தங்காது. மேலும், மும்பையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு மொட்டைமாடித் தொட்டியிலும் கட்டுமான இடங்களில் தேங்கிய நீரிலும் பெருகுவது. சுவர் மருந்தை மட்டும் நம்பி அதை ஒழிக்க இயலாது.

எனவே இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, எந்த மருந்து, எந்தத் தேதியில் அடிக்கப்பட்டது, அடுத்த சுற்று எப்போது என்பதையும், அதுவரை சுவரைக் கழுவவோ வெள்ளையடிக்கவோ கூடாது என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தாராவி வாசகர் ஒருவர்,
மும்பை.