பட்டன் பேட்டரிக்கு வாழைப்பழ வைத்தியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். வயிற்றுக்கு இறங்கிவிட்ட காசு பெரும்பாலும் தானாக வெளியேறியும் விடும். அதே நம்பிக்கையில், ரிமோட்டிலும் பொம்மையிலும் போடும், காசு போன்ற வட்டமான பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தையையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பதைப்பில்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படத்தில் காசும் பேட்டரியும் வெள்ளை வட்டமாகத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் பேட்டரியின் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் ஓடும். அந்த இரட்டை வளையத்தைக் கண்டுவிட்டால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. 20 மி.மீ. அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரச் சதையில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து கடுங்காரம் ஊறும். இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துவிடும். அரிப்பு பெருந்தமனி வரை போய்விட்டால், பேட்டரியை எடுத்துப் பல நாள் கழித்துக்கூட ரத்தம் கொட்டி உயிர் போகலாம். தீர்ந்துபோனது என்று ரிமோட்டிலிருந்து கழற்றி மேசையில் போடுகிறோமே, அதிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் வடிகிறது, சாப்பிட மறுக்கிறது, இருமுகிறது. சளி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறு தண்ணீர் கொடுக்காதீர்கள். ஓராண்டு நிறைந்த குழந்தை விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம் என்கிறது அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல். தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பேட்டரியை விழுங்கி ரீஸ் என்ற 18 மாதக் குழந்தை இறந்த பிறகு, அமெரிக்கா 2022இல் 'ரீஸ் சட்டம்' கொண்டுவந்தது. குழந்தை திறக்க முடியாத மூடி அங்கே பொம்மைக்கு மட்டுமல்ல, இந்தப் பேட்டரி போடும் மற்ற வீட்டுப் பொருள்களுக்கும் கட்டாயம். ஆஸ்திரேலியாவிலும் அதே ஆண்டு இத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. இங்கே பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் திருவிழாக் கடைகளில் நகத்தால் நெம்பினாலே மூடி கழன்றுவிடும் பொம்மைகள் முத்திரையே இல்லாமல் விற்கின்றன. ரிமோட்டும் பேட்டரி அகல்விளக்கும் பொம்மைக் கணக்கிலேயே வருவதில்லை. இவற்றுக்கும் திருகாணி போட்ட மூடியை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். கார்த்திகைக்குக் கடை விரிப்பதற்கு முன்பே அதிகாரிகள் சோதனையைத் தொடங்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன், திருச்சி