சந்தைக்கு வரும் பணத்தைச் சந்தேகிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2021 பொதுத்தேர்தலுக்குப் பிறகு ஈரோடு கிழக்கில் இரண்டு இடைத்தேர்தல்கள் நடந்துவிட்டன. சட்டமன்ற உறுப்பினராக இருந்த திருமகன் ஈவெரா 2023 ஜனவரியில் காலமானார். அந்த இடத்துக்கு வந்த அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவனும் 2024 டிசம்பரில் மறைந்தார். காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தத்தான் வேண்டும். மூன்று முறையும் வரிசையில் நின்று வாக்களித்தவன் நான். தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து எங்கள் கனி ஜவுளி மார்க்கெட் படும் பாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தை இது. லுங்கி, துண்டு, நைட்டி, போர்வை எடுக்க கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து வருகிறார்கள். பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். வாரமெல்லாம் விற்ற காசைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும் என்பது தேர்தல் கால விதி. நைட்டி விற்ற காசுக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது?

இரண்டாவது இடைத்தேர்தலுக்கு, 2025-இல் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஜனவரி 7 அன்று அறிவிப்பு வந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து பல வருடமாக என்னிடம் சரக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரை, ரொக்கம் கொண்டு போகிறவர்களைச் சோதிக்கும் தேர்தல் பறக்கும் படையினர் வழியில் நிறுத்திச் சோதித்தார்கள். பையில் இருந்தது எழுபத்து மூவாயிரம். பாதிக்கு மேல் நூறும் ஐம்பதுமாக, ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். ஒரு கட்டின் மேல் மகள் கையெழுத்தில் கணக்கு எழுதிய துண்டுச்சீட்டு. அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பணம் கருவூலத்துக்குப் போனது. அவர் வெறுங்கையோடு என் கடைக்கு வந்து, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். அவருக்காக நான் கட்டி வைத்திருந்த இரண்டு மூட்டைகள் அப்படியே கிடந்தன. செய்தி பரவியதும் அடுத்த வாரம் வெளிமாநில வியாபாரிகள் பலர் வரவே இல்லை.

வாக்குக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் உறுதி உண்டு. ஆனால் 2017-இல் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும் பறக்கும் படை இருந்தது. பணப் பட்டுவாடா புகாரில் கடைசியில் தேர்தலையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. கொடுக்க நினைப்பவர்கள் பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு வருவதில்லை.

தேர்தல் ஆணையத்திடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. பிடித்த பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரிகள் குழு, தேர்தல் காலத்தில் திங்கள் இரவும் செவ்வாய்க்கிழமையும் மார்க்கெட்டிலேயே உட்காரட்டும். எங்களில் யாரிடம் சரக்கு எடுக்க வந்தார் என்று அங்கேயே விசாரித்து, நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடட்டும். ஐம்பதாயிரம் என்ற வரம்பையும் இன்றைய சரக்கு விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
ஜவுளி வியாபாரி ஒருவர்,
ஈரோடு.