சாயம் போடத் தெரியாத துணி வணிகம்

ஆசிரியருக்கு,

ஆங்கிலேயர் கடல் வணிகம் பற்றிப் பேசினாலே கிழக்கிந்திய கம்பெனியில் ஆரம்பிக்கிறோம். அதற்கு வெகுமுன்பே, 1407இல் அரச சாசனம் பெற்ற ‘மெர்ச்சன்ட் அட்வெஞ்சரர்ஸ்’ வணிகர்கள் கம்பளித் துணி விற்றுக் கொழித்தார்கள். பெரும்பாலும் சாயம் ஏற்றாத வெள்ளைத் துணி. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்குவார்கள், மெருகும் நிறமும் அங்கே ஏறும். எட்டாம் ஹென்றி மன்னர் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்ததால் அதன் மதிப்பு விழுந்து, துணி வெளிநாட்டாருக்கு மலிவாகி, விற்பனை எகிறியது. 1551இல் சந்தை சரிந்தது. அப்புறம் எம்டன், ஹாம்பர்க் என்று ஜெர்மன் துறைமுகங்களுக்கு இடம் மாறினார்கள்.

எனக்கு வியப்பு 1614இல் நடந்ததுதான். லாபமே சாயத்தில்தான், அதை ஏன் வெள்ளைத் துணியை வாங்கிச் சாயமேற்றும் டச்சுக்காரருக்கு விட வேண்டும் என்று வில்லியம் காக்கெய்ன் என்ற லண்டன் வணிகர் கேட்டார். கேள்வி சரி. முதலாம் ஜேம்ஸ் மன்னர் வெள்ளைத் துணி ஏற்றுமதியைத் தடை செய்து, பழைய வணிகர்களின் ஏகபோக உரிமையைக் காக்கெய்ன் தரப்புக்குக் கொடுத்தார். ஆனால் சாயமேற்றும் திறமை அரசாணையால் வந்துவிடுமா? டச்சுக்காரர்கள் இங்கிலாந்தில் சாயமிட்ட துணியே வேண்டாம் என்று தடை போட்டார்கள். வில்ட்ஷயர், கிளஸ்டர்ஷயர் நெசவாளர்களுக்கு வேலை போனது. திட்டம் போட்டவர்களைவிட அடி வாங்கியவர்கள் அவர்கள்தான். 1617இல் பழைய வணிகர்களிடமே உரிமை திரும்பியது.

அவர்களுடைய ஏகபோகமும் 1689இல் முடிந்தது, நாடாளுமன்றம் துணி ஏற்றுமதியை எல்லாருக்கும் திறந்துவிட்டது.

– வாசகர், கரூர்