கடைசிப் பகுதியை இன்னும் பார்க்கவில்லை

உறையூர், திருச்சி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் ஆடிப்பெருக்குக்கும் வரவில்லை, அப்பா பிறந்தநாளுக்கும் வரவில்லை. கடிதம் என்றால் மீட்டிங் முடிகிற வரைக்கும் பேசாமல் மேசையில் கிடக்கும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கிளை நூலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்து வருகிறேன். பாட்டில் மூடியில் இருக்கிற தேதியைக்கூட வாசிக்கிறேன். வீட்டில் எவ்வளவு ஒட்டடை இருந்திருக்கிறது என்பதும் இப்போதுதான் தெரிந்தது, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சித்திரையில் ஒரே ஒரு வரி அனுப்பினாயே, இந்தக் கொரியன் சீரியலைப் பாரு என்று, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண் வந்து டி.வி.யில் போட்டுக் கொடுத்தாள். 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அதனால் வீட்டில் அது ஆரஞ்சுப்பழ சீரியல். பெயர்கள் எங்களுக்கு ஒட்டவே இல்லை. குவான்-சிக் என்ற கதாநாயகனை அப்பா கோபால் ஆக்கிவிட்டார். அவன் மகள் கும்-மியோங், குமுதம். அம்மாக்காரி ஏ-சுன் மட்டும் ஏ-சுன்தான், அவளுக்கு வேறு பெயர் பொருந்தவில்லை. கொரிய மொழியில் சீரியலின் பெயரே வேறாம். ஜெஜு தீவுப் பேச்சில் 'ரொம்பப் பாடுபட்டீர்கள்' என்று அர்த்தமாம். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்தது.

மொத்தம் 16 பகுதி. வசந்தம், கோடை என்று நாலு பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் சீரியல்காரர்களாக இருந்தால் வசந்தத்தை மட்டும் இரண்டு வருஷம் ஓட்டியிருப்பார்கள். ஏ-சுனின் அம்மா கடலில் மூச்சடக்கி முங்கி, சிப்பி எடுத்துப் பிழைக்கிறவள். தூத்துக்குடியில் சங்கு குளிக்க ஆண்கள்தான் இறங்குவார்கள், அந்தத் தீவில் பெண்கள். 29 வயதிலேயே போய்விடுகிறாள் பாவம். ஏ-சுனுக்குக் கவிதை எழுத ஆசை. கடைத்தெருவில் முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள், வியாபாரத்தைக் கோபால் பார்த்துக்கொள்வான். அந்த இடத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன். கடைக்கு அனுப்பினால் பொட்டலம் கட்டின பேப்பரைப் படித்துக்கொண்டே வருவாய், பருப்பு பாதி வழியில் கொட்டியிருக்கும்.

ஒரு காட்சியை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை, பெண்களுக்குத் தனியாக இன்னொன்று. கோபால் ஆண்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று ஒன்றும் சொல்லாமல் அப்படியே பின்பக்கம் திரும்பி, பொண்டாட்டியும் பிள்ளையும் சாப்பிடுகிற மேசையில் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறான். வசனம் கிடையாது, சண்டை கிடையாது. நம் சீரியல் என்றால் அதற்கு மூன்று பக்கமும் கேமரா திரும்பித் திரும்பி இடி இடித்திருக்கும். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி அவரே தட்டுக் கழுவினார். ஒரு நாள்தான், ஆனாலும் கழுவினார்.

குமுதத்துக்கு ஒரு பையனோடு பல வருஷப் பழக்கம். கல்யாணம் வரைக்கும் வருகிறது. பையனின் அம்மாவுக்கு இவளைக் கண்டாலே இளக்காரம். அவன் கெட்டவன் இல்லை, அம்மாவுக்கு எதிரே வாய் திறக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். கடைசியில் அவளே வேண்டாம் என்று முறித்துக்கொள்கிறாள். அப்புறம் வேறொரு நல்ல பையன் வருகிறான். கல்யாணத்தன்றைக்குக் கோபால் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போது, சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த அதே பேச்சைச் சொல்கிறான். சரிப்படவில்லை என்றால் திரும்பி வந்துவிடு, அப்பா இங்கேயே இருப்பேன் என்று.

எனக்காக அப்பா சப்டைட்டிலை வாசித்து அர்த்தம் சொல்லிக்கொண்டே வருவார். அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியும் பாப்பா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ அனுப்பினாய், நான் பார்த்தேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

கீழ்வீட்டு மாமிக்கு இது பிடிக்கவில்லை. அவள் இன்னும் 'எதிர்நீச்சல்' கட்சி. படித்த பெண்களாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் அடைத்து வைக்கிற ஆதி குணசேகரனை நானும் விடாமல் பார்த்தவள்தான். ஆனால் 2023இல் அந்த வேஷம் போட்ட மாரிமுத்து இறந்துபோனாரே, அதோடு எனக்கு அந்த சீரியல் போய்விட்டது. அவரைத் திட்டுவதற்காகவே தினமும் உட்காருவோம். இந்த மாமிதான் போன வாரம் கேட்டாள், "உங்க மாப்பிள்ளை ஃபாரின் போயிட்டாரா?" என்று. ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சும்மாதான் என்றாள். உனக்குப் பதவி உயர்வு வந்ததையும், உனக்குக் கீழே 14 பேர் வேலை பார்ப்பதையும் சொன்னேன். ஏற்கெனவே சொல்லியிருந்தேன், மறுபடியும் சொன்னேன். தெருவில் யாருடைய பெண்ணுக்கு இப்படி வாய்த்திருக்கிறது? ஆனால் அந்த 14 பேரிடம் பேசுவதற்கு நேரம் இருக்கிறது, பெற்றவளோடு பத்து நிமிஷம் பேச இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

நூலகத்தில் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கிடைத்தது. காலேஜில் படித்தபோது எனக்குக் கங்கா மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தாள். இப்போது படித்தால் அவள் அம்மா கனகம்தான் தெரிகிறாள். உனக்கு ஞாபகம் இருக்கும், இதற்கு முன்னால் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று சிறுகதையாக எழுதியிருந்தார். மழை நாளில் ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிட்ட பெண் அழுதுகொண்டு வருகிறாள். சிறுகதையில் வருகிற அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்று முடித்துவிடுகிறாள். நாவலில் அதே பெண் வருகிறாள், அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றாததுதான் வித்தியாசம், அதற்காக முந்நூறு நானூறு பக்கத்துக்கு அந்தப் பெண் கஷ்டப்படுகிறாள். முன்பெல்லாம் சிறுகதைதான் உசத்தி என்று உன் பெரியம்மாவோடு சண்டை போடுவேன். இப்போது நாவல்தான் நிஜம் என்று தோன்றுகிறது. தண்ணீர் ஊற்றுகிற அம்மாக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அடுத்து இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020க்கான சாகித்திய அகாதெமி பரிசு வாங்கினது. இதை நீ படிக்காதே. நல்ல நாவல்தான், ஆனால் இப்போது படிக்காதே. இன்ஜினியரிங் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்கிறாள். அப்பா நடேசன் தலைமையாசிரியர், பணத்துக்குக் குறைவில்லை. அந்தப் பெண் தீக்காயத்தோடு பாண்டிச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். பாதிக்கு மேல் கதை அந்த வார்டு வாசலிலேயேதான் நடக்கிறது. அவ்வளவு பணம் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார்கள், அது எதற்கும் ஆகவில்லை. மூன்று நாளில் முடித்தேன். முடித்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு உனக்கு ஒரு மிஸ்டு கால் வந்திருக்கும். காலையில் 'என்னம்மா?' என்று மெசேஜ் போட்டாய். கை தவறிப் பட்டுவிட்டது என்று பதில் போட்டேன். கை தவறவில்லை.

பெண் பிள்ளை கஷ்டப்படுகிற கதையில் பெரும்பாலும் புருஷனைத் திட்டுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். 'மெட்டி ஒலி' ஓடின காலத்தில் உனக்குப் பத்து வயது. குக்கரை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன், நீ என் முழங்காலில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள். மாமியார் ராஜத்திடம் அந்த சரோஜா பட்ட பாட்டுக்கு நான் எத்தனை முந்தானை நனைத்திருப்பேன்! "பேசாம அப்பா வீட்டுக்கு வந்துடேண்டி" என்று டி.வி.யைப் பார்த்துச் சொல்லுவேன். நீ ஏன்மா அழறே என்று கேட்பாய்.

அவளைப் பார்த்து அப்படிச் சொன்னவள்தான் நான்.

2017 புரட்டாசியில் நீ ஒரு நாள் விடியற்காலையில் மைசூர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாய். கல்யாணமாகி ஐந்து மாதம். அந்தப் பச்சை சூட்கேஸ். "சும்மாதாம்மா, உங்களைப் பார்க்கணும்போல இருந்தது" என்றாய். சூட்கேஸில் உன் சர்டிபிகேட் ஃபைல் இருந்தது. துணி எடுத்து வைக்கும்போது பார்த்தேன். சும்மா வருகிற பெண் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வருவாளா? நான் ஃபைலைத் துணிக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு, தீபாவளி வரப்போகிறது, தலைதீபாவளிக்கு இரண்டு பேராக வந்தால்தான் மரியாதை என்று சொல்லி மறுநாள் ராத்திரியே ரயிலேற்றினேன். அந்த மத்தியானம் முழுக்க முறுக்கு சுற்றினேன். நீ எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து சம்படத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாய். நீ வாய் திறந்தபோதெல்லாம் நான் எண்ணெய் காய்ந்துவிட்டது, திருப்பிப் போடு, தள்ளி உட்கார் என்று எதையாவது சொன்னேன்.

பிளாட்பாரத்தில் நீ கேட்டாய், "அம்மா, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமா?" என்று. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் அறிவிப்பு வந்தது. அம்மாவுக்குக் காதில் விழவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார், அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. எனக்குக் காதில் விழுந்தது பாப்பா. நன்றாகவே விழுந்தது. நான் உன் சம்படத்து மூடியைச் சரியாகப் போட்டிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரூர்ச் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். உன் சித்தப்பா பெண் விஷயத்தில் அவர்கள் பேசின பேச்சு அப்போதுதான் அடங்கியிருந்தது. வேறு காரணம் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். இதுதான் காரணம், வேறில்லை.

அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறோம் என்றாய், நானும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். போன மாதம் வீடியோவில் வந்தாயே, உனக்குப் பின்னால் இருந்த சுவர் வெள்ளைச் சுவர். உங்கள் வீட்டில் வெள்ளைச் சுவர் எந்த அறையிலும் கிடையாது, பால் காய்ச்சின அன்று நானே சுற்றிப் பார்த்தேன். அதில் காலண்டர் இல்லை, சாமி படம் இல்லை, ஓர் ஆணி மட்டும் இருந்தது. அது யார் வீடு, யார் கூட இருக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வாடகை கட்டுப்படியாகிறதா என்று மட்டும் கேட்கலாம் என்றால் அதையும் சொல்ல வேண்டாம். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள். ராத்திரி லேட்டாக வந்தால் ஆட்டோ நம்பரை அப்பாவுக்கு அனுப்பிவிடு. தலைக்கு எண்ணெய் வை. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காவிரியில் தண்ணீர் நிறைய வந்தது, அம்மா மண்டபத்தில் படி மறைந்துவிட்டது. முருங்கை காற்றில் ஒடிந்துபோய் மறுபடியும் துளிர்க்கிறது. வேறு செய்தி ஒன்றும் இல்லை.

ஆரஞ்சுப்பழ சீரியலில் 15 பகுதி ஆயிற்று. கடைசிப் பகுதியை மட்டும் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண் "பெட்டிக்கணக்குல டிஷ்யூ வேணும் ஆன்ட்டி" என்று பயமுறுத்தி வைத்திருக்கிறாள். அப்பா தினமும் ரிமோட்டை எடுத்து, இன்னைக்குப் பார்த்துடலாமா என்கிறார். பாப்பா வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு நாள் இருப்பாய் என்றும் கேட்கவில்லை. உன் அறையிலிருந்த அரிசி மூட்டையைத் தானாகவே இழுத்து வெளியே வைத்துவிட்டார், முழங்கால் வலியோடு.

இந்தத் தடவை பார்சல் அனுப்பவில்லை. முறுக்கு மாவு அரைத்து டப்பாவில் வைத்திருக்கிறேன். சுற்றவில்லை.

அன்புடன்,
அம்மா