சொல்லில்லாத கிட்டாரை இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், நம் பிள்ளைகள் பாட்டே இல்லாத மேல்நாட்டுக் கிட்டார் இரைச்சலைக் கேட்டுக் கெட்டுப்போகிறார்கள் என்றும், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். எனக்கு வயது 67. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த இரைச்சலை நான் இளம் வயதிலிருந்து இன்றுவரை கேட்டு வருகிறேன். அவர் கோபத்தில் கேட்டிருந்தாலும், அது விடை சொல்ல வேண்டிய கேள்விதான்.

என் அண்ணன் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சம்பள நாளில் பட்டர்வொர்த்துக்குப் ஃபெரி ஏறுவதற்கு முன்னால் ஜாலான் பிந்தால் தாலியில் பழைய சாமான் விரித்திருப்பவர்களிடம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார். அப்படி நான்கு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கி வந்ததுதான் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் பிராங்க் ஸாப்பாவின் 'ஹாட் ராட்ஸ்' இசைத்தட்டு. 1969-இல் வெளிவந்தது. அட்டை முழுவதும் இளஞ்சிவப்பு. பரட்டைத் தலையோடு ஒரு பெண் குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள். அம்மா அதை எப்போதும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்.

முதல் பக்கத்தின் கடைசியில் சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் ஓர் உருப்படி இருக்கிறது. கடிதம் எழுதிய அன்பருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான். அந்த மெட்டுக்கு முதலில் சொற்கள் இருந்தன. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்னால் வந்த வேறொரு தொகுப்பில் அதைப் பாட்டாகவே பாடியிருந்தார்கள். பிறகு ஸாப்பா சொற்களை முழுவதுமாக எடுத்துவிட்டு, மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டாரை அதற்குள் நடக்க விட்டார். பாடத் தெரியாமலோ எழுத வராமலோ செய்த காரியமன்று அது. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெள்ளி ரதம் போகும்போது நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து வளர்க்கிறாரே, அப்போது யாராவது சாகித்தியம் எங்கே என்று கேட்டதுண்டா? தெருவோரம் நிற்கும் அத்தனை பேரும் வாய் மூடிக் கேட்கிறோம். காவடியோடு வரும் உறுமி மேளத்தில் எந்தச் சொல் இருக்கிறது?

ஸாப்பா விசித்திரமான மனிதர் என்பதை மறைக்கவில்லை. 1963-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, மிதிவண்டியின் கம்பிகளைத் தட்டியும் மீட்டியும் வாசித்துக் காட்டியவர். மகளுக்கு மூன் யூனிட் என்று பெயர் வைத்தவர். அவர் எழுதிய பாடல் வரிகளில் பல எனக்கு ஒவ்வாதவை, வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது அவற்றைப் போட மாட்டேன். ஆனால் ராக் இசை என்றாலே போதை என்று அன்பர் எழுதியிருப்பது இவர் விஷயத்தில் சற்றும் பொருந்தாது. போதைப்பொருள் பழக்கத்தைக் குழுவுக்குள் அவர் அனுமதித்ததில்லை. ஒத்திகையில் அவ்வளவு கண்டிப்பு. கையில் சிகரெட்டும் கோப்பியும் இருக்கும். அந்தச் சிகரெட்டையும் நான் ஆதரிக்கவில்லை.

1981-இல் அவர் தம் கச்சேரிகளிலிருந்து கிட்டார் தனி வாசிப்புகளை மட்டும் வெட்டியெடுத்து மூன்று தட்டுகளாக அஞ்சல் வழியில் விற்றார். அந்தத் தொகுப்பின் பெயரே 'வாயை மூடிக்கொண்டு கிட்டாரை வாசி' என்ற பொருள் தருவது. அந்த வாசிப்புகளைக் கேட்டுக் கேட்டு ஸ்வரம் ஸ்வரமாக எழுதியவர் அப்போது இருபது வயதை ஒட்டியிருந்த கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வை. அது 1982-இல் புத்தகமாகவே வந்தது. அண்ணன் யார் மூலமாகவோ அதன் சில பக்கங்களை நகல் எடுத்து வைத்திருந்தார். நான் வீணை கற்றவள், மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் நான்கு எண்ணிக்கைக்குள் ஐந்தையும் ஏழையும் அடைத்து, அதைத் தாளக்கட்டுக்குக் குறுக்கே இழுத்துப்போய் மீண்டும் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், கொண்டுவந்து வைத்திருப்பதைக் கண்டு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அவசரத்தில் உதறும் கை இப்படி வாசிக்காது.

நம் தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். 1978 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கின் பல்லாடியம் அரங்கில் ஸாப்பாவின் மேடையில் வயலின் வாசித்தவர் எல். ஷங்கர். வித்துவான் வி. லட்சுமிநாராயணாவின் மகன், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், எல். வைத்தியநாதனுக்கும் எல். சுப்பிரமணியத்துக்கும் உடன்பிறந்தவர். பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு தாளத்தில் இருவரும் வாசித்தார்கள். வாசிப்பதற்கு முன்னால் ஸாப்பா கூட்டத்தைப் பார்த்து, இந்தப் பதின்மூன்றுக்குக் கை தட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் வாய்பாடு சொல்லிக் கொடுத்தது போலவே அது இருக்கும். அடுத்த ஆண்டு ஷங்கரின் இசைத்தட்டு ஒன்றையும் ஸாப்பாவே தயாரித்து வெளியிட்டார். நம்மவர் ஒருவரை இவ்வளவு மதித்து அருகில் நிறுத்திக்கொண்ட கலைஞரை நம் பத்திரிகைகள் ஒரு வரியில்கூட நினைப்பதில்லையே என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பட்டர்வொர்த்தில் என் வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை நாங்கள் ஏழு பேர் கூடுகிறோம். அண்ணன் தொடங்கிவைத்த பழக்கம். லாரி ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர், கோவிலில் தவில் வாசிக்கும் தம்பி ஒருவர், என் அண்ணன் மகன், இன்னும் இருவர், நான். தவில் தம்பி முதல் முறை வந்தபோது, ஸாப்பாவின் 1979-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து ஒரு கிட்டார் வாசிப்பைப் போட்டோம். மிக நிதானமானது. தம்பி தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எட்டில் முடித்தார், பாட்டு முடியவில்லை. மறுபடி எட்டில் முடித்தார், மறுபடியும் நழுவியது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை மட்டும் அசைத்து, நான்கைந்து சுற்று பேசாமல் இருந்தார். பிறகு, "அக்கா, ஒன்பது. அந்த ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்" என்றார். அன்றைக்கு அதை ஆறு முறை போடச் சொன்னார். இப்போது ஃபெரியில் தண்ணீரைக் கடந்து எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

அந்த ஒன்பது எண்ணிக்கை வாசிப்பு ஒரு கதையின் முடிவில் வருகிறது. இசையே சட்டப்படி குற்றமாகிவிட்ட ஒரு நாட்டில், கிட்டாரையும் இழந்துவிட்ட இளைஞன் ஒருவன் கடைசி முறையாக மனத்துக்குள்ளேயே வாசித்துக்கொள்கிறான். அவன் மனத்தில் கேட்பதுதான் நமக்குக் கேட்கிறது. அண்ணன் காலமான பதினாறாம் நாள், தேவாரம் ஓதி முடித்து உறவினர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், அவர் மகன் யாரையும் கேட்காமல் அதைப் போட்டுவிட்டான். நான் பதறிப்போனேன். எண்பது வயதைத் தாண்டிய பெரியம்மா, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, ஆங்கிலம் ஒரு சொல் அறியாதவர், சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, "என்ன ராகம் அது? இன்னொரு முறை போடு" என்றார். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அந்த அன்பர் கேட்டதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இது பினாங்கில் ஏழு பேரின் தனிக் கிறுக்கும் அன்று. ஸாப்பா 1993-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரத்து ரசிகர்கள் அவருக்கு மார்பளவுச் சிலை எழுப்பினார்கள். அவர் கால் வைத்தே இராத ஊர் அது. இத்தாலிய உயிரியல் அறிஞர் ஒருவர் தாம் கண்டறிந்த ஜெல்லி மீன் வகைக்கு அவர் பெயரைச் சூட்டினார், எப்படியாவது அவரைச் சந்திக்க வேண்டும் என்ற ஆசையில். சந்தித்தும் விட்டார்.

தங்கள் ஞாயிறு இதழில் சினிமாப் பாட்டுக்கு இரண்டு பக்கம் கொடுக்கிறீர்கள். நானும் விரும்பிப் படிக்கிறேன். மாதம் ஒரு முறையாவது அதில் கால் பக்கத்தைச் சொல்லில்லாத இசைக்கு ஒதுக்குங்கள். நாதஸ்வரம், வீணை, கிட்டார், எதுவானாலும் சரி. எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஏழு பேரில் நால்வர் இப்போதே தயார்.

கடிதம் எழுதிய அன்பரையும் அழைக்கிறேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, அவருக்குக் கொடுக்கலாம். அண்ணனின் அந்த நான்கு வெள்ளித் தட்டையே போடுவோம். அந்த ஒன்பது நிமிட உருப்படியின் நடுவில் ஒரு கீறல் இருக்கிறது, ஊசி ஒருமுறை துள்ளும். பயப்படாமல் தொடர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.