பின்னல் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, நூல் அலமாரி ஒழுங்காக இருக்கிறது, இரவல் கொண்டுபோன ஊசிகளைப் பெரும்பாலானவர்கள் திருப்பித் தந்துவிட்டார்கள், மீதிப் பேரும் தந்துவிடுங்கள். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது புதிதாகப் பின்ன வந்தவர்களைப் பற்றி.

முன்பெல்லாம் புதியவர் யார் வந்தாலும் மப்ளர் பின்னச் சொல்வோம். எளிதுதான், ஆனால் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே மாதிரி வரிசை போட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். அன்பாக ஒருவருக்குக் கொடுக்க ஆசைப்பட்டு வந்தவர், கொடுக்க வேண்டிய நாள் தாண்டியும் பாதியிலேயே நின்று, அப்புறம் கூட்டத்துக்கே வராமல் போய்விடுவார். அதனால் இந்த ஆண்டு முறையை மாற்றினோம். முதல் பொருள் சிறியதாக இருக்க வேண்டும், அது யாருக்கு என்பது முதல் கண்ணியை, அதாவது நூல் வளையத்தை, ஊசியில் ஏற்றும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது மூலையிலிருந்து தொடங்கும் சதுரத் துணி. முகம் துடைக்கலாம், பாத்திரமும் துடைக்கலாம். நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல், 4.5 மி.மீ. ஊசி. 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடும் அடிப்படைப் பின்னல்) போட வேண்டும். அடுத்த வரிசையிலிருந்து 2 நிட், நூலை ஊசிமேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட், இதையே திரும்பத் திரும்ப. வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 வந்ததும் குறைக்கத் தொடங்கலாம்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட், ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். 4 கண்ணி மிஞ்சியதும் முடித்துவிடலாம். பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் எதிர்ப் பின்னல்) தெரிய வேண்டியதில்லை, ஓரம் சுருளாது, மாதிரி பின்னி அளவு பார்க்கும் வேலையும் இல்லை, ஏனென்றால் வேண்டிய அகலம் வந்ததும் குறைத்தால் போதும். மாதிரி பின்னாமல் எதையும் தொடங்கக் கூடாது என்று மூத்தவர்கள் சிலர் வாதிட்டார்கள். தொப்பிக்கு அது சரி. இந்தத் துணிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

புதியவர்களுக்கு வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, கண்ணி தானாகக் கூடிப்போவது. வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலே இழுத்துப் பிடித்தால் முதல் கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவார்கள். நூலைக் கீழே தொங்கவிட்டுத் தொடங்கினால் இது வராது. இன்னொன்று இறுக்கம். கண்ணியை ஊசியின் கூர்முனையிலேயே போட்டு இழுத்தால் அடுத்த வரிசையில் ஊசி நுழையவே நுழையாது, கண்ணி ஊசியின் முழுத் தடிமனுள்ள பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். மூங்கில் ஊசி வழுக்காது, வெளிர் நிற நூலில் கண்ணி தெளிவாகத் தெரியும், இந்த இரண்டால் மட்டுமே பாதித் தடுமாற்றம் குறைந்தது. கருப்பு நூலையும் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நூலையும் தொடக்கத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள். கண்ணி நழுவினால் பதற வேண்டாம், கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் ஏணிப்படி ஏறுவதுபோல மேலே கொண்டுவந்துவிடலாம்.

கொடுக்கும் பொருள் என்பதால் நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணக் கம்பளியைச் சுடுநீரில் போட்டு அலசினால் சுருங்கித் தடித்துவிடும். வாங்குபவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அதனால் துவைக்கும் முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தே கொடுங்கள். குழந்தைக்கு என்றால் இயந்திரத்தில் துவைக்கக்கூடிய நூல்தான் நல்லது, நீளமான நாடாவோ தளர்வான பொத்தானோ வேண்டவே வேண்டாம். இரண்டு நூல்கண்டு தேவைப்பட்டால் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கு இடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கண்டைச் சுற்றியுள்ள பட்டையில் பாருங்கள். நூல்நுனிகளை உள்ளே செருகி முடிக்காமல் யாரும் பொருளைக் கொடுத்தனுப்பவில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். சதுரத்தை முடித்தவர்களுக்கு அடுத்து மணிக்கட்டு உறை கற்றுத்தரலாம்: நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ஒரு செவ்வகம், கட்டைவிரலுக்கு இடம் விட்டுப் பக்கத்தைத் தைத்தால் முடிந்தது. அடுத்தது, மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு புதியவரின் பக்கத்தில் உட்கார வேண்டும். தவறு வந்தால் ஊசியை வாங்கி நீங்களே சரிசெய்து கொடுக்காதீர்கள். நேரமானாலும் அவர் கையாலேயே பிரித்துப் போடட்டும், எங்கே தவறியது என்று அவருக்கே தெரிந்தால்தான் வீட்டில் தனியாகப் பின்ன முடியும்.

இந்த இரண்டுக்கும் கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

அன்புடன்,
செயலாளர்